வாரம் இரண்டு நாள் ஒருவரா, மாதம் ஒருநாள் நிபுணரா: எங்கள் பள்ளிக்கு எது வேண்டும்?

ஆகஸ்ட் மாதம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். "எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறான், பாகாயத்தில் காட்டவும்" என்று அவன் அம்மாவுக்கு. வேலூரில் மனநல மையம் இருக்கும் இடம் பாகாயம். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வன்று ஸ்கேல் எடுக்க ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தான். காம்பஸுக்கு அடியில் அந்தச் சீட்டு மடித்தது மடித்தபடியே கிடந்தது.

அம்மாவை வரச் சொன்னேன். ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர், விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வீடு. வந்து நின்றபடியே சொன்னார்: "ஒரு நாள் லீவு போட்டா அன்னிக்குக் கூலி மட்டும் இல்ல சார், மாசக் கடைசில குடுக்கற அட்டனென்ஸ் காசும் போயிடும். அதுவுமில்லாம, எம்புள்ள இன்னா பைத்தியமா சார், பாகாயத்துக்குக் கூட்டினு போறதுக்கு?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

குடியாத்தம் பக்கத்தில் இருக்கும் அரசு உதவி பெறும் பள்ளி எங்களுடையது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை 620 பிள்ளைகள். நான் தமிழாசிரியர், பெற்றோர் ஆசிரியர் கழக வேலைகளையும் பார்க்கிறேன். பிள்ளைகளின் மனநலத்துக்கும் படிப்புச் சிக்கல்களுக்கும் யாரை, எப்படி வைத்துக்கொள்வது என்று வரும் ஜூனுக்குள் நாங்கள் முடிவெடுக்க வேண்டும். கழகக் கூட்டத்தில் பல வழிகள் பேசப்பட்டன. ஒவ்வொன்றையும் யோசித்துப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருக்கும் மற்றப் பள்ளிக்காரர்களுக்கு உதவினால் நல்லது.

யாராவது ஒருவர் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்கே இப்போது இடமில்லை. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 17 வயதுப் பெண் இறந்துபோன வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் வழிகாட்டுதல்கள் கொடுத்தது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிலையம் ஒவ்வொன்றும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர், சமூகப் பணியாளர் இவர்களில் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் அல்லது அமர்த்திக்கொள்ள வேண்டும். அதைவிடச் சிறிய பள்ளிகள் வெளியில் உள்ள நிபுணர்களோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். ஆக, நீ போய் ஆஸ்பத்திரியில் காட்டிக்கொள் என்று சீட்டு எழுதிக் கொடுப்பதோடு எங்கள் கடமை முடிந்துவிடாது.

பள்ளி உளவியலாளர் என்றதும் குட்டி மனநல மருத்துவர் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த எண்ணத்தோடு ஆள் தேடினால் தவறான ஆள்தான் கிடைப்பார். மருத்துவரிடம் பிள்ளை போகும், பள்ளி உளவியலாளர் பிள்ளை இருக்கும் இடத்துக்கு வருவார். அமெரிக்காவில் 1915-லேயே கனெக்டிகட் மாநிலம் அர்னால்டு கெசலை இந்தப் பெயரிலேயே வேலைக்கு வைத்தது. அங்குள்ள தேசியப் பள்ளி உளவியலாளர் சங்கம் 500 மாணவர்களுக்கு ஒருவர் வேண்டும் என்கிறது. அவர்கள் வேலையை மூன்று அடுக்காகப் பிரிக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானது முதல் அடுக்கு: கோபத்தைக் கையாள்வது, தேர்வுப் பயம், கேலி கிண்டலை நிறுத்துவது. தடுமாற ஆரம்பித்த சிலரைச் சின்னச் சின்னக் குழுவாகப் பார்ப்பது இரண்டாவது. தனிக் கவனிப்பு தேவைப்படும் ஓரிருவர் மூன்றாவது. இதில் பாதி வேலை பிள்ளையோடு நடப்பதே இல்லை. ஆசிரியரோடும் பெற்றோரோடும் நடக்கிறது. இந்த ஒரு விஷயம்தான் என் முடிவைத் திருப்பியது.

இப்போது நாங்கள் செய்துவருவதைப் பார்ப்போம், அதாவது வெளியே அனுப்புவது. மற்ற மாவட்டத்துக்காரர்கள் பொறாமைப்படும் அளவுக்கு வேலூரில் வசதி இருக்கிறது. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957-ல் தொடங்கியது. டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கோல்ஸ் தொடங்கிய நாளிலிருந்து, நோயாளியைத் தனியாக அடைத்து வைக்காமல் குடும்பத்தார் கூடவே தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறை அங்கே உண்டு. குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நம்பிக்கை நிலையம் இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பள்ளிக்கே வந்து 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்கும் அரசு மருத்துவக் குழுவும் இருக்கிறது. பார்வை, காது, ரத்தசோகை, வளர்ச்சித் தாமதம் எல்லாம் அதில் வரும். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்களும் இருக்கிறார்கள்.

இத்தனை இருந்தும் சீட்டு ஜியாமெட்ரி பாக்ஸிலேயே கிடந்தது. எங்கள் ஊரிலிருந்து பாகாயத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். ஒருநாள் கூலி போகும். பீடி சுற்றும் வீட்டில் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கில்தான் காசு, அம்மா எழுந்து போனால் முறம் அப்படியே கிடக்கும். "பாகாயம்" என்ற ஊர்ப்பெயரே எங்கள் பக்கம் வசவுச் சொல்லாகிவிட்டது. வகுப்பில் பிள்ளைகளே அப்படிச் சொல்லித் திட்டிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். உலகம் மதிக்கும் ஒரு நிலையத்துக்கு இப்படி நேர்ந்ததில் எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்த அம்மாவின் தயக்கத்துக்கு அது நிஜமான காரணம்.

போய்விட்டு வந்தவர்களின் கதையும் எனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். நல்ல விவரமான அறிக்கை கொடுத்திருந்தார்கள். முன் வரிசையில் உட்கார வைக்கவும், போர்டில் எழுதியதைக் காப்பி எடுக்கக் கூடுதல் நேரம் தரவும், வகுப்பின் முன் நிறுத்திச் சத்தமாகப் படிக்கச் சொல்ல வேண்டாம். அந்த அறிக்கை வீட்டில் ரேஷன் கார்டோடு பத்திரமாக இருந்தது. வகுப்பாசிரியர் அதைப் பார்த்ததே இல்லை. அந்த ஆண்டு முழுக்க நானே அவளை எழுப்பிச் செய்யுள் படிக்க வைத்தேன். அறிக்கையை வாங்கி, படித்து, ஏழு ஆசிரியர்களிடம் எடுத்துச் சொல்லி, அடுத்த மாதம் நடக்கிறதா என்று பார்க்க எங்கள் பள்ளியில் ஒரு ஆள் இல்லை.

அடுத்த யோசனையைச் சொன்னவர் எங்கள் தலைமையாசிரியர். விருப்பமுள்ள ஆசிரியர் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து ஆலோசகராக வைப்பது. செலவு இல்லை, பிள்ளைகளைத் தெரிந்தவர், மொழிச் சிக்கலும் இல்லை. என் பெயரைத்தான் சொன்னார். நான் மறுத்தேன். காரணத்தைக் கூட்டத்தில் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மதிய இடைவேளையில் என்னிடம் வந்து, வீட்டில் தனக்குக் கல்யாணப் பேச்சு நடப்பதாகவும், படிக்க முடியவில்லை என்றும் அழுதாள். மறுநாள் அவள் அப்பா வேறு வேலையாகப் பள்ளிக்கு வந்திருந்தார். நல்லது செய்வதாக நினைத்து ஸ்டாஃப் ரூமிலேயே, மற்ற ஆசிரியர்கள் காதுபட, "பொண்ணு படிக்கட்டும், இப்ப எதுக்கு அவசரம்" என்று அவரிடம் பேசிவிட்டேன். கல்யாணம் தள்ளிப்போனது உண்மை. ஆனால் அந்தப் பெண் அதற்குப் பிறகு பள்ளி முடியும் வரை என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் பின்னால்தான் உறைத்தது. அவளிடம் கேட்காமல், யாரிடம் எதைச் சொல்லலாம் என்று அவளோடு பேசாமல், குழந்தைகள் உதவி எண் 1098 இருப்பதைக்கூட நினைக்காமல் நடந்துகொண்டேன். பயிற்சி இருந்திருந்தால் இந்தத் தவறைத் தவிர்த்திருக்கலாம். ஆனாலும் ஒன்று மாறியிருக்காது. நான் அவளுக்கு மார்க் போடுகிறவன். ரேங்க் கார்டில் கையெழுத்து வாங்க அவள் அப்பாவை வரச் சொல்கிறவன். காலையில் வீட்டுப்பாடம் எழுதாததற்குத் திட்டிய வாயால் மதியம் "என்னம்மா, மனசுல என்ன இருக்கு?" என்று கேட்டால், எந்தப் பிள்ளை நம்பிப் பேசும்?

அதற்காக ஆசிரியர் பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லா ஊழியருக்கும், ஆசிரியரல்லாதவருக்கும் சேர்த்து, ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி தர வேண்டும் என்கிறது அதே தீர்ப்பு. சத்துணவு பரிமாறும் அக்காவுக்குத்தான் எந்தப் பிள்ளை திடீரென்று சாப்பிடாமல் விட்டது என்று முதலில் தெரியும். முதலில் கவனிக்கிறவர்கள் நாங்கள்தான், அதில் மாற்றமில்லை. கவனித்ததை யாரிடம் கொண்டுபோவது என்பதுதான் கேள்வி.

மூன்றாவது வழிக்குத்தான் கூட்டத்தில் கைதட்டல் கிடைத்தது: மாதம் ஒருநாள் வேலூரிலிருந்து ஒரு நிபுணரை வரவழைப்பது. பெயருக்குப் பின்னால் பெரிய பட்டங்கள், நோட்டீஸ் போர்டில் போட்டால் பள்ளிக்கும் கௌரவம். இதை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. சில வேலைகளை அவர் மட்டும்தான் செய்ய முடியும். மருத்துவ உளவியலாளருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும். நுண்ணறிவுச் சோதனை, கற்றல் குறைபாட்டுச் சோதனை இவற்றை முறையாகச் செய்து அறிக்கை எழுதுவது அவர்கள் வேலை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. உரிய மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் கிடைக்கும். பத்தாம் வகுப்பில் ஜனவரி மாதம் அலைந்தால் நடக்காது, ஏழு எட்டாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும்.

சீட்டை வைத்திருந்த பையனையே எடுத்துக்கொள்ளுங்கள். திருக்குறள் பத்தைச் சொல்லச் சொன்னால் மூச்சு விடாமல் ஒப்பிப்பான். 'கொக்கு' என்று எழுதச் சொன்னால் 'கெக்கு' என்று எழுதுவான். ஒற்றைக்கொம்பு போடுவான், எழுத்தையும் போடுவான், துணைக்கால் வருவதற்குள் அடுத்த எழுத்துக்குப் போய்விடுவான். ஒரே பத்தியில் 'மரம்' என்பதைச் சரியாகவும் எழுதுவான், 'மறம்' என்றும் எழுதுவான். இத்தனை நாளும் இவனைச் சோம்பேறி என்றுதான் எல்லோரும் சொன்னோம். இது சோம்பலா, கண் பார்வையா, கற்றல் குறைபாடா என்று பிரித்துச் சொல்ல நிபுணர் வேண்டும்தான்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை பத்து மணிக்கு வந்து மாலை மூன்றரைக்குக் கிளம்புகிறார், சாப்பாட்டு நேரம் போக ஐந்து மணி நேரம். ஒரு பிள்ளைக்கு 40 நிமிடம் என்றால் ஒரு நாளைக்கு 7 பேர். பத்து மாதத்துக்கு 70 அமர்வு. ஒரு பிள்ளையை நாலு தடவையாவது பார்க்க வேண்டும் என்றால் ஆண்டுக்கு 17 பேர். 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு 13 முதல் 17 வயதினரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னது. அதை எங்கள் 620 பேருக்குப் பொருத்தினால் 45 பேர். படிப்புச் சிக்கல் மட்டும் உள்ளவர்கள் இதில் முழுதாக அடங்க மாட்டார்கள்.

எண்ணிக்கையை விடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. பிள்ளைகளின் கஷ்டம் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருக்காது. எட்டாம் வகுப்பில் ஒரு பெண்ணுக்குத் திங்கட்கிழமைதோறும் வயிற்றுவலி வந்தது. வலி நிஜம், நடிப்பில்லை. சுருண்டு படுத்துக்கொள்வாள். செவ்வாய்க்கிழமை வந்து பார்க்கிறவருக்கு அவள் சிரித்த முகத்தோடுதான் தெரிவாள். நாலு திங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தவர்தான் ஞாயிற்றுக்கிழமை அவள் யார் வீட்டில் இருக்கிறாள் என்று கேட்பார்.

நிபுணர் வருகை என்ற பெயரில் இன்னொன்றும் நடந்துவிடும். ஒருமுறை வெளியிலிருந்து ஒருவரை அழைத்தோம். மைதானத்தில் 300 பிள்ளைகளை வெயிலில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் மைக்கில் பேசினார். "வெற்றி உன் கையில்" என்று எல்லோரையும் மூன்று முறை கத்த வைத்தார். பிள்ளைகள் சந்தோஷமாகக் கத்தினார்கள். மறுநாள் ஒரு பிள்ளைக்குக்கூட எதுவும் மாறவில்லை. யாரிடமும் அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

பள்ளிக்கென்றே முழுநேர உளவியலாளர் ஒருவர் இருந்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. உதவி பெறும் பள்ளியில் அனுமதிக்கப்பட்ட பணியிடத்துக்குத்தான் அரசுச் சம்பளம். ஆலோசகருக்கு நிர்வாகமோ கழகமோதான் கொடுக்க வேண்டும். எங்கள் பிள்ளைகளிடம் அதற்காக ஒரு ரூபாய் வாங்கவும் எனக்கு மனமில்லை. பழைய மாணவர்கள் ஓராண்டுச் சம்பளத்தை ஏற்பதாகச் சொன்னார்கள். இரண்டாம் ஆண்டு? ஒரு பிள்ளை மெல்ல மெல்ல மனசைத் திறந்து பேச ஆரம்பித்த பிறகு அந்த நாற்காலி காலியானால், ஆளே வராமல் இருந்ததைவிட அது மோசம்.

நான் கேட்பது இன்னொன்று. எங்களுக்கு மூன்று கிலோமீட்டரில் இன்னொரு உதவி பெறும் பள்ளி இருக்கிறது. இரண்டு பள்ளியும் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்வது. எங்களுக்குத் திங்களும் வியாழனும், அவர்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும், புதன்கிழமை வீடுகளுக்கும் ஆஸ்பத்திரிக்கும். உளவியலில் முதுநிலைப் பட்டமோ, மருத்துவ-மனநலப் பிரிவில் சமூகப் பணி முதுநிலையோ படித்து, மேற்பார்வையில் வேலை பார்த்த அனுபவம் உள்ளவர் போதும். சோதனை, சான்று என்று வரும்போது அவரே பாகாயத்துக்கோ அடுக்கம்பாறைக்கோ பிள்ளையோடு போவார். சீட்டுக்குப் பதில் ஆள் போகும். அறிக்கை ஆளோடு திரும்பி வரும்.

வாரம் இரண்டு நாள் என்றால் 36 வாரத்துக்கு 500 அமர்வுக்கு மேல் வரும். அதில் பாதியை ஆசிரியர்களோடும் பெற்றோரோடும் செலவழித்தாலும் பிள்ளைகளுக்கு 250 மிச்சம். மாதம் ஒருநாள் நிபுணரின் 70-ஐ இதோடு வைத்துப் பாருங்கள். பட்டத்தில் ஒரு படி குறைந்தவராக இருக்கலாம். ஆனால் "மிஸ் திங்கக்கிழம வருவாங்க" என்று ஒரு பிள்ளை நம்பிக் காத்திருக்கலாம். நாளும் கிழமையும் மாறாத ஒரு ஆள், எங்கள் பிள்ளைகளில் பலருக்கு வீட்டிலேயே வாய்ப்பதில்லை.

இதிலும் சிக்கல் இருக்கிறது. வகுப்பில் தூங்கி வழிந்த ஒரு பையன் ராத்திரி பதினொரு மணி வரை பீடிக்கு நூல் கட்டுகிறான் என்று தெரிந்தால், அவர் யாரிடம் பேசுவார்? சம்பளம் கொடுக்கும் நிர்வாகத்திடமா, அப்பாவிடமா? யாரிடம் எதைச் சொல்லலாம் என்று முதல் நாளே எழுதிவைக்க வேண்டும். பதிவேடு அவர் பூட்டிவைக்கும் பீரோவில் இருக்க வேண்டும், தலைமையாசிரியர் மேஜையில் இருக்கக் கூடாது. ரகசியத்துக்கும் எல்லை உண்டு. பாலியல் துன்புறுத்தல் தெரியவந்தால் 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், யாரும் அதை மறைக்க முடியாது. உயிருக்கு ஆபத்து என்றாலும் பெரியவர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

மொழியையும் பார்க்க வேண்டும். எங்கள் வகுப்புகளில் வீட்டில் உருது பேசும் பிள்ளைகளும் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் உண்டு. பாடம் தமிழில் கேட்பார்கள், அழும்போது அம்மா மொழிதான் வரும். வருகிறவருக்கு இரண்டில் ஒன்றாவது தெரிந்திருந்தால் அவருக்கே என் ஓட்டு. அவரைக் 'கவுன்சிலர்' என்றும் கூப்பிட வேண்டாம். போன முறை அப்படி எழுதி நோட்டீஸ் அனுப்பியதில் வார்டு கவுன்சிலர் வருகிறார் என்று நினைத்து இரண்டு பேர் தெருவிளக்குப் புகாரோடு வந்துவிட்டார்கள். மனநலம் என்ற சொல்லைக் கதவில் மாட்டினால் அந்தக் கதவருகே யாரும் போக மாட்டார்கள். பிள்ளைகளே ஒரு பெயர் வைக்கட்டும்.

உதவி எண்களைத் தனி வழியாக நான் எண்ணவில்லை. எந்த வழியை எடுத்தாலும் அவை சுவரில் இருக்க வேண்டும்: மனநலத்துக்கு டெலி மானஸ் 14416, தமிழ்நாடு பள்ளிக் கல்விக்கு 14417, குழந்தைகளுக்கு 1098. பெரிய எழுத்தில், கழிப்பறைக்குப் போகும் வழியில் எழுதலாம், அங்கேதான் ஒரு பிள்ளை தனியாக நின்று படிக்க முடியும். ஆனால் பல வீடுகளில் இருப்பது ஒரே போன், அதுவும் அப்பா சட்டைப் பையில். எண் தெரிந்தால் மட்டும் போதாது.

அறையையும் பார்த்துவைத்திருக்கிறேன். நூலகத்துக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகள் அடுக்கிய அறை. தலைமையாசிரியர் அறையைத் தாண்டாமலே அங்கே போகலாம், உள்ளே நுழைகிற பிள்ளையை ஸ்டாஃப் ரூமிலிருந்து பார்க்க முடியாது. பெஞ்சுகளை எடுத்துவிட்டு ஒரு ஃபேன், ஜன்னலுக்கு ஒரு திரை, மூன்று நாற்காலி. வேலூர் வெயிலில் ஃபேன் இல்லாமல் யாரும் மனம் விட்டுப் பேச மாட்டார்கள்.

போன வாரம் அந்தப் பையனின் அம்மாவிடம் இந்தத் திட்டத்தைச் சொன்னேன். பாகாயம் இல்லை, முதலில் இங்கேயே ஒருவர் பார்ப்பார், தேவைப்பட்டால் அவரே கூட வருவார் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "ஸ்கூல்லயேன்னா நான் வரேன் சார். ஆனா கம்பெனி பஸ்ஸு என்ன எறக்கி வுடறதே ஆறேகாலுக்கு. அப்ப அவங்க இருப்பாங்களா?"

எங்கள் திட்டத்தில் வேலை நேரம் காலை ஒன்பதரையிலிருந்து நாலரை என்று எழுதியிருந்தோம். வியாழக்கிழமையை மட்டும் பன்னிரண்டிலிருந்து ஏழு மணி என்று மாற்றி, பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன்.